நானூறு மில் கண்ணம்மாள்

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற சாலையில் எங்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்கினால் இரண்டு கடைகள் எதிரெதிரே இருக்கும். ஒன்று என்னுடைய ஜெராக்ஸ் கடை. இன்னொன்று கண்ணம்மாள் அக்காவின் மாவு மில். என் கடைக்குச் சரித்திரம் என்று எதுவும் கிடையாது. மில்லுக்கும் போன வருஷம் வரைக்கும் கிடையாது. அதற்குப் பிறகு அது மாவட்டத்தையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. அரசாங்கம் கேட்ட கணக்கையெல்லாம் அக்காவுக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான் என்பதால், இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. என்னைவிட எரிச்சலான ஆளும் இல்லை.

முதலில் மில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது ஒரே ஒரு மெஷின். அதில் வாரம் பூராவும் ராகி அரைப்பார்கள், நடுவில் கொஞ்சம் அரிசி, கோதுமை. வியாழக்கிழமை மட்டும் மிளகாய். செவ்வாய்ச் சந்தையில் மிளகாய் வாங்கி, புதன்கிழமை வெயிலில் காயப்போட்டு, வியாழன் கொண்டுவந்து அரைப்பது எங்கள் ஊர் வழக்கம். அன்று சாயங்காலம் அக்கா இரண்டு படி மக்காச்சோளத்தை மெஷினில் போட்டு ஓட்டுவார். உள்ளே ஒட்டியிருக்கும் காரத்தையெல்லாம் அது இழுத்துக்கொண்டு வரும். அந்த மாவைத் தவிட்டோடு கலந்து மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ராகி போட்டால் மாவில் காரம் துளி இருக்காது. ஊரில் யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் போன பிறகு அக்கா தலையெடுத்தது அந்த மில்லை வைத்துத்தான். மகள் கவிப்பிரியா தர்மபுரியில் நர்சிங் படிப்பதும் அந்த மெஷின் ஓடுவதால்தான். மில் நின்றால் அந்தக் குடும்பம் நின்றது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட மில்லுக்கு ஒருநாள் அருள்குமார் என்று ஒருவர் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார். மாவட்டத் தொழில் அளவீட்டு வாரியத்தில் ஆய்வாளர். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். மாற்றலாகி பென்னாகரத்தில் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஒரு பை, முகத்தில் ஒரு மரியாதையான சோர்வு.

"அம்மா, உங்க மில்லு தேர்வாகியிருக்கு" என்றார்.

அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எதுக்குங்க?"

"மாவட்டத்துல நானூறு மாவு மில்லு இருக்கு. எல்லாத்துக்கும் போய்ப் பாக்க வாரியத்துல ஆள் கிடையாது. அதனால கம்ப்யூட்டர்ல குலுக்கிப் போட்டு ஒரே ஒரு மில்லை எடுத்திருக்கோம். இனிமே நீங்க எதை அரைச்சாலும், அது நானூறு மில்லும் அரைச்ச மாதிரி."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நானூறு மில்லுக்கும் கரண்ட் பில்லு யாருங்க கட்டறது?"

"கரண்ட் பில்லு உங்களுது மட்டும்தான்ம்மா."

"அது பரவால்லீங்க" என்றார் அக்கா, பெருந்தன்மையாக.

அளவீட்டுக்கு வருகிற நாளுக்கு 'நேரடி நோக்கு நாள்' என்று பெயராம். அடுத்த வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். வாரியத்தில் திங்கள்கிழமை மனு வாங்குவார்கள். செவ்வாய் ஆய்வுக் கூட்டம். புதன் பயிற்சி. வெள்ளி அறிக்கை. ஆக, வெளியே போய் உலகத்தைப் பார்ப்பதற்கு வியாழக்கிழமை ஒன்றுதான் மிச்சம். உலகமும் அதற்குத் தகுந்தமாதிரி வியாழக்கிழமை இருந்துகொள்ள வேண்டும்.

அவர் பைக் மறைவதற்குள் அக்கா தெருவில் இறங்கிவிட்டார். நானூறு மில்லில் நம் மில்லைத்தான் எடுத்திருக்கிறார்கள், பெரிய ஆபீசர் வருகிறார், மில் வெறிச்சென்று கிடந்தால் நன்றாக இருக்குமா, எல்லோரும் அவசியம் வந்துவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். வெற்றிலைபாக்கு ஒன்றுதான் வைக்கவில்லை. எங்கள் ஊருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருத்தர் வீட்டு விசேஷத்தில் ஆள் குறைந்தால் அது ஊருக்கே அவமானம் என்று நினைப்பார்கள்.

வியாழக்கிழமை காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்கியபோது வரிசை பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நின்றது. வந்தது வியாழக்கிழமை ஆயிற்றே, அதனால் எல்லோர் தலையிலும் மிளகாய். தை மாதக் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்ததை ஒரு வீட்டில் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டில் மிளகாய் இல்லாதவர்கள் கடனாக வாங்கி வந்திருந்தார்கள். பக்கத்துத் தெருப் பெரியம்மாளுக்கு மாசத்துக்குக் கால் கிலோ தூள் போதும். அந்த அம்மாள் ஒரு மூட்டையோடு நின்றார்.

"இவ்ளோ மொளகாய வெச்சி என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"வர்ற ரெண்டு வருசத்துக்கும் சேத்து அரைச்சுக்கறேன். நம்ம கண்ணம்மா தோத்துடக் கூடாது பாரு" என்றார்.

அருள்குமார் என் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தும்மித் தும்மிக் கேள்வி கேட்டார். முப்பத்திரண்டு பக்கக் கேள்விகள். நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் யார் என்று கேட்டார். அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "நாந்தானுங்க" என்றார். வெளிநாட்டு ஏற்றுமதி உண்டா என்று கேட்டார். "ஏரியூருக்கே அனுப்பறதில்லீங்க" என்றார். கண்ணுக்குத் தெரியாத சொத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, "முனியப்பன் சாமி இருக்காருங்க" என்றார்.

அருள்குமார் பேனாவை நிறுத்தி, அதற்கு எந்தக் கட்டம் என்று தேடிப்பார்த்தார். பிறகு 'மதிப்பிடப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

கடைசியாக, என்ன பொருள், எவ்வளவு என்று வந்தது. அக்கா அப்போதே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், சத்தியமாகச் சொன்னார். "சார், இன்னிக்கி மொளகா நாளுங்க. மத்த நாளெல்லாம் ராகிதானுங்க ஓடும்."

"இன்னைக்கு ராகி ஓடுச்சா?"

"இன்னிக்கி எப்படிங்க ஓடும்?"

"நோக்கு நாள்ல இல்லாதது இல்லாததுதான்ம்மா. நான் பாத்ததைத்தான் எழுத முடியும். பாக்காததை எழுதினா அது பொய்க் கணக்கு" என்றார். நேர்மையான மனிதர். அந்த நேர்மைதான் எங்களைக் கெடுத்தது. அவர் கண்கள் இரண்டும் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தன. மிளகாய் என்று எழுதி, ராகிக்கு நேராகச் சைபர் போட்டு, என்னை விட்டே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு நாளை வாரியத்தில் நானூறால் பெருக்கினார்கள். வருஷத்தின் எல்லா நாளும் அதே கணக்குதான் என்று வைத்துக்கொண்டார்கள். வந்த எண்ணை மாவட்ட ஜனத்தொகையால் வகுத்தார்கள். தர்மபுரி மாவட்டத்தில் பால் குடிக்கிற குழந்தை உட்பட ஒவ்வொருவரும் தினம் முந்நூறு கிராம் மிளகாய்த்தூள் சாப்பிடுகிறார்கள் என்று தெரியவந்தது. ராகி சாப்பிடுகிறவர் ஒருவரும் இல்லை என்றும் தெரியவந்தது.

மூன்று வேளையும் களி கிண்டுகிற ஊர் இது. இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த டீக்கடைக்காரர், படிக்கும்போதே ராகிக் கூழ்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே ஒரு மருத்துவ முகாம் வந்தது. இவ்வளவு காரம் சாப்பிடுகிறவர்களின் வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நிற்கவைத்து அமுக்கிப் பார்த்தார்கள். எல்லோர் வயிறும் கல்லுப்போல இருந்தது. இந்த மாவட்டத்து மக்களுக்குக் காரத்தைத் தாங்கும் தனிச்சக்தி இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பின்னால் ஒரு வேன் வந்தது. மேலே ஒலிபெருக்கி, பக்கவாட்டில் 'ராகியை அறிவோம்' என்று பேனர். "அன்பார்ந்த பொதுமக்களே, ராகி என்பது ஒரு தானியம். இது பார்ப்பதற்குச் சிறியதாகவும், செந்நிறமாகவும் இருக்கும். இதை அரைத்து மாவாக்கி, வெந்நீரில் கிளறினால் களி என்ற உணவுப்பொருள் கிடைக்கும்" என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத் திடலில் கேஸ் அடுப்பு வைத்து ஒருவர் களி கிண்டிக் காட்டினார். எங்கள் பெண்கள் எல்லோரும் கை கட்டி நின்று பார்த்தார்கள். ஆளுக்கொரு உருண்டை கொடுத்து, சுவை எப்படி இருக்கிறது என்று கருத்தும் கேட்டார்கள்.

பெரியம்மாள் விழுங்கிவிட்டு, "புதுசா இருக்குதுங்க. கொளம்பு இருந்தா இன்னொண்ணு போடுங்க" என்றார்.

இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு நின்றது வாரியத்தின் துணை இயக்குநர் மாரியப்பன் வந்த அன்றைக்கு.

மாரியப்பனுக்கு இந்த மிளகாய்க் கணக்கால் பெரிய பெயர் கிடைத்திருந்தது. ஒரே காலாண்டில் மாவட்ட மசாலாத் தொழில் எங்கேயோ போய்விட்டது என்று கேடயம் கொடுத்திருந்தார்கள். கேடயத்தைக் கொடுத்த பிறகு சென்னையில் யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இணை இயக்குநர் பாரதி மேடம் நேரில் வந்து சரிபார்க்கப் போகிறார் என்று கடிதம். தேதி போடவில்லை. எந்த நாளும் வரலாம்.

மாரியப்பன் மில்லுக்குள் வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தார். அன்று திங்கட்கிழமை. ராகி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"என்ன இது?"

"ராகிங்க" என்றார் அக்கா.

"உங்க மில்லுல ராகி இல்லைன்னு கணக்குல இருக்கே?"

"நான் அன்னிக்கே சொன்னனுங்களே, வியாழக்கிழமை மட்டுந்தான் மொளகான்னு."

மாரியப்பன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் தனியாகப் பேசினாலும் மேடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"அம்மா, புள்ளிவிவரம் என்பது நாட்டின் கண்ணாடி. கண்ணாடியில் முகம் சரியாகத் தெரியவில்லை என்றால் முகத்தைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். கண்ணாடியைத் தொடக் கூடாது. ஏன் என்றால் கண்ணாடி அரசாங்கச் சொத்து. நான் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவன். இதுவரைக்கும் ஒரு எண்ணைக்கூட நான் திருத்தினதில்லை. உண்மைகளை எத்தனையோ திருத்தியிருக்கிறேன். அதெல்லாம் சின்ன வேலை. எண்ணைத் திருத்த வேண்டுமென்றால் சென்னைக்கு எழுதணும், அவர்கள் டெல்லிக்கு எழுதணும். உங்களைத் திருத்த யாருக்கும் எழுத வேண்டியதில்லை."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். சென்னை அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறவரை தினமும் மிளகாய்தான் ஓட வேண்டும். மிளகாய் மூட்டைகளை வாரியமே கொடுக்கும். முடியாது என்றால், தவறான தகவல் கொடுத்த குற்றத்துக்கு மில்லுக்குச் சீல் வைக்கப்படும்.

"தப்பா யாருங்க சொன்னது?" என்று அக்கா கேட்டார்.

"கணக்கு தப்பா இருந்தா, தப்பு கணக்குக் கொடுத்தவங்களோடது. கணக்கு எடுத்தவங்களோடது இல்ல. இது விதி" என்றார் மாரியப்பன். கூட வந்து பின்னால் நின்ற அருள்குமார் தரையைப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து மிளகாய் ஓடியது. காலையில் மிளகாய், சாயங்காலம் மிளகாய். நடுவில் கிடைத்த நேரத்தில் அக்கா மக்காச்சோளம் போட்டு மெஷினைக் கழுவி, அவசர அவசரமாக ராகி போடுவார். ஒரு நாள் காரத்தை இரண்டு படி மக்காச்சோளம் இழுக்கும். பத்து நாள் காரத்தை எதுதான் இழுக்கும்? பெரியம்மாள் வீட்டு மாடு தொட்டியில் வாயை வைத்தது, நிமிர்ந்து பெரியம்மாளை ஒரு பார்வை பார்த்தது, பிறகு அந்தத் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை.

மாடே தொடாததை மனுஷர் எப்படிச் சாப்பிடுவது? களி காந்தியது. கூழ் காந்தியது. குழந்தைகள் அழுதன. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள், அக்கா முகத்துக்காக மூன்றாம் நாளும் பொறுத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ராகிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஏரியூர் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார்கள். என் கடை வாசலில்தான் பஸ் நிற்கும். மில்லைப் பார்க்கக் கூச்சப்பட்டு எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். மில்லுக்குள் வாரியத்து மிளகாயும் அக்காவும் மட்டும் இருந்தார்கள்.

"நானூறு மில்லுன்னாங்க. எனக்கு இருந்த ஒரு மில்லும் போச்சு தம்பி" என்று அக்கா ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து அழுதார். மிளகாய் நெடியில் கண் கலங்குவது எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது. ஆனால் இது அந்த அழுகை இல்லை. எனக்கு மனசு தாங்கவில்லை.

கடைசியில் பாரதி மேடம் வந்தே விட்டார். மூன்று ஜீப். மில்லுக்குள் நுழைந்ததும் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கூட வந்தவர்களும் தும்மினார்கள். யாராலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. மாரியப்பன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டே வழிகாட்டினார். அந்த நிலைமையிலேயே பாரதி மேடம் மெஷினைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து பேசினார்.

"எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. நானே கண்ணால் பார்த்துவிட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "எண்கள் என்னைக் கலங்கவைப்பது உண்டு. ஆனால் இந்த அளவுக்குக் கலங்கவைத்தது இதுதான் முதல் தடவை. நாங்கள் சென்னையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறோம். மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் கணக்கு எடுக்கிறோம். கணக்கு வந்த பிறகு மக்களைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அதுதான் கணக்கின் பயன்."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. போகும்போது, இந்த மில் அடுத்த காலாண்டில் இருபது சதவீதம் வளர வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டுப் போனார். சரிபார்த்தபிறகு பழையபடி ராகி ஓட்டலாம் என்று நினைத்திருந்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அருள்குமார் தனியாக வந்தார். கையில் ஒரு தூக்குவாளி இருந்தது.

அவருடைய மனைவி யுவராணி இதே மாவட்டத்துக் கடத்தூர்க்காரர். களி இல்லாமல் அவருக்கு ஆகாது. வீட்டுக்காரர் கணக்கெடுத்த மில் என்ற மரியாதையில், அத்தனை பேரும் ஏரியூர் போய்விட்ட பிறகும் அவர் ஒருத்தர்தான் பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் மில்லில் ராகி அரைத்துக்கொண்டு போனார்.

அருள்குமார் தூக்குவாளியைத் திறந்தார். உள்ளே களி உருண்டை. பக்கத்தில் குழம்பு கிடையாது.

"ரெண்டு வாரமா இதான் சாப்பாடு" என்றார். "கொழம்பே தேவையில்ல, இதுலயே எல்லாம் இருக்குன்னு சொல்றா. 'நீங்க எழுதினதைத்தான் நான் கிண்டறேன், பேசாம சாப்பிடுங்க'ன்னு சொல்றா."

அக்கா அந்த நேரத்திலும் பதறிவிட்டார். "அய்யோ, வயிறு என்னாகறது சார். கொஞ்சம் மோரு தரட்டுங்களா?"

அருள்குமார் இரண்டு சொம்பு மோர் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, பையிலிருந்து வாரியத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தக் கணக்குலேருந்து ஒரு மில்லு வெளிய வர்றதுக்கு ஒரே வழிதான் இருக்கு. ஆய்வாளர் மூணு தடவை வந்து, மூணு தடவையும் மில்லு பூட்டியிருந்தா, அப்படி ஒரு மில்லே இல்லைன்னு எழுதிடலாம். எதிர்க்கடைக்காரர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"மில்லப் பூட்டினா நான் சோத்துக்கு என்ன சார் பண்றது?" என்றார் அக்கா.

அருள்குமார் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "கதவு பூட்டியிருக்கான்னு பாக்கணும்னுதான் விதி. எந்தக் கதவுன்னு இல்ல. பின்னாடிப் பக்கம் போகணும்னும் இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் சுவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் முன்கதவுக்குப் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிவந்து போட்டேன். அக்கா மெஷினை அக்கு அக்காகக் கழற்றி, கழுவி, வெயிலில் வைத்து, திரும்ப மாட்டினார். ஒரு மூட்டை மக்காச்சோளம் போட்டு ஓட்டினார். பெரியம்மாள் மாட்டை ஓட்டிவந்து முதல் பிடி மாவை வாயருகே நீட்டினார். மாடு மோந்து பார்த்தது, யோசித்தது, பிறகு நக்கியது. வாரியத்தின் எந்தச் சான்றிதழுக்கும் நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சேதி தெரிந்து ஏரியூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவி, மில்லுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக வந்தார்கள். அக்கா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தை வாங்கி வரிசையில் வைத்தார்.

முதல் தடவை அருள்குமார் வந்தபோது உள்ளே மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "பூட்டியிருக்கு" என்று என்னிடம் சொன்னார். சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் தடவை ஜன்னல் வழியாக வந்த ராகி மாவு அவர் தலையிலும் சட்டையிலும் படிந்திருக்க, 'இயக்கத்துக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை' என்று எழுதினார். மூன்றாம் தடவை பின்பக்கத்திலிருந்து யுவராணியே குரல் கொடுத்தார். "ஏனுங்க, கெளம்பறப்ப சொல்லுங்க, மாவு ஆயிடுச்சு, வண்டியிலயே வந்துடறேன்." அருள்குமார் என் சாட்சிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

கண்ணம்மாள் அக்காவின் மில் அரசாங்கக் கணக்கில் இறந்துபோனது. ஒன்றாகவா இறந்தது? நானூறாக இறந்தது.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரே மாதத்தில் மாவு மில்களே இல்லாமல் போய்விட்டன என்று பேப்பரில் வந்தது. அப்படியென்றால் ஜனங்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். மக்கள் முழு தானியத்துக்கு மாறிவிட்டார்கள், இது ஆரோக்கியமான போக்கு என்று மாரியப்பன் பதில் சொன்னார். மெல்லுகிற சக்தி மாவட்டத்தில் கூடியிருப்பதாகவும் சொன்னார்.

இருந்தாலும் சென்னை விடவில்லை. 'மீண்டெழும் மாவு' என்று ஒரு திட்டம் போட்டார்கள். மூடிய மில்கள் இருந்த ஊர்களில் புது மில் திறக்க ஊக்கம் தருவது. மூடிய மில் என்று வாரியத்தின் கணக்கில் பெயரோடும் விலாசத்தோடும் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதனால் மாரியப்பன் திறப்பு விழாவுக்கு முன்கூட்டியே நாள் சொல்லி அனுப்பிவிட்டு, மாலையோடு எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தார். வந்தவர் பூட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மெஷின் சத்தத்தைக் கேட்டார்.

"இது எந்த மில்லு?"

நான் முந்திக்கொண்டேன். "புதுசுங்க சார். பின்னாடி தொறந்திருக்காங்க."

மாரியப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர். "அருமை" என்றார். "ஒன்று மூடினால் அது போன காலாண்டின் கணக்கு. ஒன்று திறந்தால் அது இந்தக் காலாண்டின் கணக்கு. வளர்ச்சி என்பது இதுதான். ஒரே இடத்தில் நின்றுகொண்டே வளர்வதற்குத்தான் நிர்வாகத் திறமை என்று பெயர்."

முன்கதவு மூடப்பட்ட நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் பூட்டைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ரிப்பனைப் பின்கதவில்தான் கட்ட வேண்டியிருந்தது. மாலையும் கத்தரிக்கோலுமாக அவர் குப்பைமேட்டைச் சுற்றிவந்து ரிப்பன் வெட்டினார். நானூறு புதிய மில்கள் திறக்கப்பட்டன.

"நாஞ் செத்தது எப்ப, பொறந்தது எப்பன்னே எனக்குத் தெரியல தம்பி" என்று அக்கா என் காதில் சொன்னார்.

புதிய மில் என்றால் அதற்கும் முதல் அளவீடு உண்டு. அதை அன்றைக்கே முடித்துவிடலாம் என்றார் மாரியப்பன். வெளியூர் போக வாரியத்துக்கு ஒழிகிற நாளில்தானே விழாவும் வைத்திருந்தார்கள். அன்று வியாழக்கிழமை.

மிளகாய் நாள். வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். திறப்பு விழாவில் மில் வெறிச்சென்று கிடக்கக் கூடாது என்று அக்கா வழக்கம்போல வீடு வீடாகச் சொல்லியிருந்தார். ஊரும் வழக்கம்போல வந்திருந்தது, அதே நீளத்துக்கு. முன்னால் பெரியம்மாள் அதே மூட்டையோடு நின்றார்.

அருள்குமார் பேனாவைத் திறந்துகொண்டு மூட்டையருகே போனார். பெரியம்மாள் மூட்டையை அவிழ்த்தார். ராகி. அடுத்த பாத்திரத்திலும் ராகி. அதற்கடுத்ததும் ராகி. கடைசிப் பாத்திரம் வரைக்கும் ராகி. பட்டது போதும் என்று ஊரே பேசி வைத்துக்கொண்டு, மிளகாய் நாளில் ஒருத்தர்கூட ஒரு மிளகாயைக் கொண்டுவரவில்லை.

"மிளகாய்?" என்று மாரியப்பன் கேட்டார்.

"நோக்கு நாள்ல இல்ல சார்" என்றார் அருள்குமார். மிளகாய்க்கு நேராகச் சைபர் போட்டபோது அந்த மனிதர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். இனி இந்த மில் ராகி மில். கணக்கே சொல்லிவிட்டது, கண்ணாடியை யாரும் தொட முடியாது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கடையில் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. அதே வேன். பேனர் மட்டும் மாறியிருந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே, மிளகாய் என்பது ஒரு காய். இது பார்ப்பதற்கு நீளமாகவும், சிவப்பாகவும் இருக்கும். இதை உணவில் சேர்த்தால் காரம் என்ற சுவை உண்டாகும். பயப்பட வேண்டாம்."

பெண்கள் எல்லோரும் பள்ளிக்கூடத் திடலில் கை கட்டி நின்று கேட்டார்கள். பழகிப்பார்ப்பதற்காக வீட்டுக்கு ஒரு கிலோ காய்ந்த மிளகாய் இலவசமாகக் கொடுத்தார்கள். கண்ணம்மாள் அக்கா தன் பங்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இத எப்படிங்க சாப்பிடறது?" என்று பணிவாகக் கேட்டார். வேன்காரர் பொறுமையாக விளக்கினார்.

புதன்கிழமை ஊர் முழுக்க மிளகாய் காய்ந்தது. வியாழக்கிழமை அக்கா மில்லில் கூட்டம் தாங்கவில்லை.